முறைப்பாட்டைப் பெறத் தகாதவர்

எங்கள் கொம்யூனில் விசில்புளோவர் விதிகளைத் திருத்துவதற்கு ஒரு குழு அமைத்தபோது, ஊழியர் சார்பில் நான் வருகிறேன் என்று கை உயர்த்தினேன். எனக்குச் சட்டத்தில் அக்கறை என்று தொழிற்சங்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்குச் சட்டத்தில் ஓர் அக்கறையும் இருக்கவில்லை. அந்தக் குழுவில் ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு எதிரே உட்கார ஒரு கதிரை எனக்கு வேண்டியிருந்தது.

கொம்யூன் என்றால் நகரசபை. பாடசாலை, முதியோர் இல்லம், குப்பை அள்ளுவது, குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதன் கையில்தான். விசில்புளோவர் என்பதற்கு எங்கள் வீட்டில் புழங்கும் தமிழ்ச்சொல் ஒன்றும் இல்லை. வேலைத்தலத்தில் நடக்கும் முறைகேட்டைக் கண்டு வாய் திறக்கிறவர் என்று சொல்லலாம். அப்படி வாய் திறந்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று டென்மார்க்கில் இப்போது சட்டம் இருக்கிறது. நான் வாய் திறந்தபோது இருக்கவில்லை.

அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்தேன். அந்த மனிதர்தான் அங்கே பொறுப்பாளர். உயரமானவர், சிரித்த முகம், காலையில் எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுப்பார். அந்தக் கோப்பியைக் குடித்துவிட்டு நானும் அவரை நல்ல மனிதர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நான் போட வேண்டும்போல இருக்கிறது.

மகள் பெரியபிள்ளையானபோது பக்கத்து ஊரான இஷொயில் ஒரு மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்தோம். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டால் மேலே இருப்பவரை விட்டுவிட்டுக் கூப்பிடக் கூடாது, முதல் அழைப்பிதழே அவருக்குத்தான். பொறுப்பாளரின் அறைக்குப் போய் இரண்டு கையாலும் அழைப்பிதழைக் கொடுத்தேன். இது கொன்பிர்மேஷன் மாதிரியா என்று கேட்டார். இங்கே தேவாலயத்தில் பிள்ளைகளுக்குச் செய்கிற அந்த விழாவைத்தான் அவருக்குத் தெரியும். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

மனைவியோடு வந்தார். ரோல்ஸ் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். மகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். போகும்போது, வந்த எல்லோருக்கும் கொடுத்ததுபோல அவருக்கும் ஒரு சிறிய பையில் குங்குமச்சிமிழ் ஒன்று கொடுத்தோம். பாரிஸில் தமிழ்க் கடையில் மொத்தமாக வாங்கியது, வெள்ளி முலாம் பூசியது. சாப்பாடு பரிமாறின பெடியள்கூட ஆளுக்கொன்று கொண்டுபோனார்கள். அவர் அதைத் தன் அறையில் யன்னல் ஓரமாக வைத்திருந்தார். குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு காட்டினார்.

அடுத்த சில மாதங்களில்தான் விக்கார் விஷயம் என் கண்ணில் பட்டது. விக்கார் என்றால் யாராவது சுகமில்லாமல் நின்றால் அந்த இடத்துக்கு வருகிற மாற்று ஆள். எங்கள் இல்லத்து ஊழியர்களே அந்த மேலதிக நேரங்களைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் கொடுக்காமல் எப்போதும் ஒரே நிறுவனத்திலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். ஞாபகம் மங்கிப்போன கிழவிகளுக்குக் காலையில் எழுப்புகிற முகம் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். தெரியாத முகத்தைக் கண்டு அவர்கள் கத்தினார்கள், குளிக்க மறுத்தார்கள். ஒரு விக்கார் பெண்தான் வெள்ளந்தியாகச் சொன்னாள், அந்த நிறுவனம் பொறுப்பாளரின் மனைவியுடைய தம்பியின் நிறுவனம் என்று.

டெனிஷ்காரியாக இருந்தால் நேரே சங்கத்துக்குப் போயிருப்பாள். அல்லது மேலிடத்துக்கு எழுதியிருப்பாள். நான் என்ன செய்தேன்? எங்கள் உப்பைத் தின்ற மனிதரைச் சபையில் தலைகுனிய வைக்கக் கூடாது என்று நினைத்தேன். அவருக்கே தனியாகச் சொன்னால் அவரே சத்தமில்லாமல் திருத்திக்கொள்வார், மானமும் போகாது என்று நினைத்தேன். அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, வெளியில் கதை அடிபடுகிறது, அந்த நிறுவனத்தை நிறுத்திவிடுங்கள் என்று பணிவாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, என்னிடம் வந்தது நல்லது என்றார். கண் கலங்கினதுபோலக்கூட இருந்தது. நல்ல நடிகர்.

அவருக்கு நான் கொடுத்தது எச்சரிக்கை இல்லை, அவகாசம். கொஞ்ச நாளில் கொம்யூனிலிருந்து என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விக்கார் விஷயமாக்கும் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். அங்கே மேசையில் எங்கள் குங்குமச்சிமிழ் இருந்தது. வசதியான வேலைநேரம் பெறுவதற்காக மேலதிகாரிக்கு வெள்ளிப் பரிசு கொடுத்தேனா என்று கேட்டார்கள்.

நான் விளக்கினேன். எல்லோருக்கும் கொடுத்தது என்றேன், வெள்ளி இல்லை முலாம் என்றேன், எங்கள் வழக்கம் என்றேன். ஒவ்வொரு விளக்கமும் எனக்கே குற்றவாளியின் பேச்சுப்போலக் கேட்டது. வழக்கம் உங்களுடையதாக இருக்கலாம், விதி கொம்யூனுடையது என்று பதில் வந்தது. நானும் விக்கார் கதையை எடுத்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றம் சாட்டுகிறார் என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிவில் எனக்கு ஓர் எச்சரிக்கையும் இடமாற்றமும் கிடைத்தன. கொம்யூனின் மறு கோடியில் இருக்கிற இல்லம், மாலை வேலை. பிள்ளை பள்ளியால் வரும் நேரம் நான் வீட்டில் இல்லை.

நாங்கள் இருக்கிற டோஸ்ட்ருப்பில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் தடிமன் பிடிக்கும். நான் வெள்ளைக்காரனுக்கு லஞ்சம் கொடுத்துப் பிடிபட்டேன் என்று கோவிலடியில் கதைத்தார்கள். அதைவிட என்னை அறுத்தது மகளின் கேள்வி. என்னுடைய விழாவா லஞ்சம் என்று டெனிஷில் கேட்டாள். அந்தப் படங்களைத் தன் அறைச் சுவரிலிருந்து கழற்றினாள். அந்த மனிதர் என் வேலையில் கை வைத்ததை ஒருவேளை மறந்திருப்பேன். என் பிள்ளை தன் படத்தைத் தானே கழற்றியதை மறக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

என் கணவர் சமாதானப் பிரியர். தொழிற்சாலையில் வேலை செய்து செய்து, சத்தம் போடும் எதற்குப் பக்கத்திலும் நிற்கக் கூடாது என்று பழகியவர்.

“பேசாம இரும். அவங்களோட கொழுவி நாங்கள் என்னத்தைக் கண்டது? பொறுத்தார் பூமி ஆள்வார்.”

“பூமி எனக்கு வேண்டாம். அந்தாளை ஒருநாள் சபையில வச்சுக் கேக்கவேணும். அது போதும்.”

பொறுத்தேன். ஆனால் அவர் சொன்ன பொறுமை இல்லை அது. புது இல்லத்தில் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தேன், மாலை வகுப்புக்குப் போய் டெனிஷை இன்னும் கூர்மையாக்கினேன், சங்கக் கூட்டம் ஒன்றையும் விடவில்லை. சில வருடங்களில் என்னையே ஊழியர் பிரதிநிதியாக்கினார்கள். இதற்குள் அந்த மனிதரும் வளர்ந்திருந்தார். கொம்யூனில் முதியோர் பராமரிப்புப் பகுதிக்கே தலைவர் ஆகிவிட்டார். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். அவருடைய பெயரைக் கேட்டால் எனக்கு வெந்தது.

குழுவின் முதல் கூட்டத்துக்கு வேளைக்கே புறப்பட்டேன். என்னைக் கண்டதும் அவருடைய முகம் எப்படி மாறும் என்று ரயிலில் வரும்போதெல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்தேன். அவர் எழுந்து வந்து, சிரித்து, கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னார். நாம் முன்பு சந்தித்ததில்லை என்று நினைக்கிறேன் என்றார்.

நடிப்பு இல்லை. உண்மையிலேயே தெரியவில்லை. என் தலைமயிர் நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டுவிட்டேன். பட்டியலில் என் பெயர் இருந்தது, ஆனால் எங்கள் நீளப் பெயர்களை அவர் என்றைக்கு முழுதாக வாசித்தார்? என் வீட்டு விழாவில் சாப்பிட்டு, என் பிள்ளையோடு படம் எடுத்து, என் பெயரைக் கெடுத்த மனிதருக்கு நான் இன்னுமொரு கறுத்த மனுசி. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறவில்லை, ஆற விடுவதாகவும் இல்லை. நானும் கையைக் கொடுத்தேன்.

குழுவை நடத்தியவர் ஒரு பெண் சட்டத்தரணி. மெதுவாகப் பேசுகிறவர், ஒரு சொல்லையும் சும்மா விடமாட்டார். சட்டத்தை எல்லோரும் வீட்டில் வாசித்துவரச் சொன்னார். நான் குசினியில் இடியப்பம் அவிய விட்டுவிட்டு வாசித்தேன். பழிவாங்கல் என்றால் என்னென்ன என்று அதில் சொல்லியிருந்தது. வேலைநீக்கம், இடமாற்றம், வேலைநேரத்தை மாற்றுவது, எச்சரிக்கை, பெயரைக் கெடுப்பது. சட்டம் எழுதியவர் என்னைப் பக்கத்தில் இருத்தி வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினாரோ என்று நினைத்தேன். இன்னொரு வரி இருந்தது. நான் முறைப்பாடு செய்தேன், அதன்பின் எனக்குத் தீங்கு வந்தது என்று ஊழியர் காட்டினால் போதும். அது பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மற்றப் பக்கம். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. இந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் அந்த மேசையில் வியர்த்திருக்க வேண்டியவர் அவர். இடியப்பப் பானையில் தண்ணீர் வற்றிக் கருகியது.

பழைய சம்பவங்களுக்கு இந்தச் சட்டம் செல்லுமா என்று பொதுவாகக் கேட்பதுபோல அடுத்த கூட்டத்தில் கேட்டேன். பின்னோக்கிச் செல்லாது என்றார் சட்டத்தரணி. அந்தக் கதவு சாத்தப்பட்டது. அதே கூட்டத்தில்தான் முறைப்பாடுகளைப் பெறும் பிரிவில் யார் யார் இருப்பது என்ற பேச்சு வந்தது. சட்டத்தரணி ஒருவர், ஊழியர்களை எடுக்கிற, மாற்றுகிற ஆளணிப் பகுதியிலிருந்து ஒருவர், மூன்றாவதாக, அனுபவமுள்ளவர் என்று, அந்த மனிதர். ஆளணிப் பகுதிக்காரர் முன்மொழிந்தார். அவர் அடக்கமாகத் தலையை ஆட்டினார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை எங்களுக்குத் தெரியும். இங்கே மேய்ந்த வேலிக்குக் காவல் உத்தியோகமும் கொடுக்கப் பார்த்தார்கள். நாளைக்கு ஏதோ ஓர் இல்லத்தில் ஒரு பெண் பயந்து பயந்து ஒரு முறைப்பாடு எழுதுவாள், அது போய் விழுவது இவருடைய மேசையில். அந்தப் பெண்ணுக்காகத்தான் நான் கொதித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவளுக்காகவும்தான். ஆனால் முதலில் எனக்காக. இந்தக் கதிரை அவருக்குக் கிடைக்கக் கூடாது, அது எல்லோர் முன்னாலும் அவருடைய கையிலிருந்து பறிபோக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

விதிகளை எழுதும் வேலையைப் பகிர்ந்தபோது பரிசுகள் பற்றிய பகுதியும் முறைப்பாடுகளைப் பெறுபவர் பற்றிய பகுதியும் அவரிடம் போயின. அடுத்த கூட்டத்தில் தன் பரிசுப் பகுதியை விளக்க ஓர் உதாரணம் சொன்னார். அவர் ஓர் இல்லத்தில் பொறுப்பாளராக இருந்தபோது வெளிநாட்டுப் பின்னணி கொண்ட ஓர் ஊழியர் குடும்ப விழா ஒன்றுக்கு அழைத்து, வெள்ளிப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தாராம். அந்தப் பண்பாட்டில் அது சாதாரணமாம். அவருக்கு மனம் கஷ்டமாக இருந்ததாம், ஆனாலும் விதிப்படி கொம்யூனுக்கு அறிவித்தாராம். பண்பாட்டு வேறுபாடுகளை மென்மையாக, ஆனால் உறுதியாகக் கையாள வேண்டும் என்று முடித்தார். சிலர் தலையாட்டினார்கள்.

என்னை என் முன்னாலேயே வைத்து வியாபாரம் செய்கிறார். கத்தினால் கதை கெட்டுவிடும் என்று தெரிந்தது. மிகவும் மரியாதையாக, அந்தப் பெட்டி எப்போது கிடைத்தது என்று கேட்டேன்.

வசந்த காலத்தில் என்றார்.

எப்போது அறிவித்தீர்கள் என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். இலையுதிர் காலத்தில் இருக்கலாம், அதன் நோக்கம் புரிந்த பிறகு என்றார். சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்தார். இடையில் அரை வருடம் இருக்கிறதே, நோக்கம் புரியும்படி அப்படி என்ன நடந்தது என்று அவரே கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பல வருடம் காத்திருந்தேன்.

“இடையில் நடந்ததை நான் சொல்கிறேன்,” என்றேன். “உங்கள் மைத்துனரின் நிறுவனத்திலிருந்து விக்கார் எடுப்பதை நிறுத்துங்கள் என்று உங்கள் அறைக்கு வந்து சொன்னேன். அதுவரைக்கும் அந்தப் பெட்டியில் நீங்கள் குண்டூசி போட்டு வைத்திருந்தீர்கள்.”

அப்போதுதான் என்னைப் பார்த்தார். வந்த முதல் நாளிலிருந்து இல்லாத பார்வை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி வந்தது. எனக்கு இரக்கம் வந்ததா என்று பிறகு மகள் கேட்டாள். வரவில்லை. பசியோடு இருந்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டத்தரணி அன்றைய கூட்டத்தை அத்தோடு நிறுத்தினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு முழுக் கதையையும் கேட்டார், அந்த மனிதரையும் கேட்டார். மைத்துனரின் நிறுவனம் என்பதை அவர் மறுக்கவில்லை. மேலிடத்துக்குச் சொல்லியிருந்ததாக நினைவு என்றார், யாரிடம் சொன்னார் என்பது நினைவில்லையாம். அந்த ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. பழைய எச்சரிக்கையும் காலம் கடந்ததால் என் கோப்பிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டது என்று நல்ல செய்திபோலச் சொன்னார்கள். அதாவது, திருத்துவதற்கு ஒன்றுமில்லை, தண்டிப்பதற்கும் ஒன்றுமில்லை. அவருடைய பதவியில் ஒரு மயிரும் உதிரவில்லை. ஆனால் முறைப்பாட்டைப் பெறுபவர் பக்கச்சார்பற்றவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை வைத்துச் சட்டத்தரணி ஒரு வரி எழுதினார். மூன்றாவது இடத்துக்கு வேறோர் ஆளைத் தேடினார்கள்.

அடுத்த வாரம் கோப்பி மெஷினடியில் அந்த மனிதர் என்னிடம் வந்தார். சுற்றிலும் ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அன்றைக்கு உங்களை எனக்கு அடையாளம் தெரியாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும் என்றார்.

“அதற்கு மட்டுமா?” என்று கேட்டேன்.

கோப்பையைப் பார்த்தார். அது ஒரு சிக்கலான காலம் என்றார். நான் என் கோப்பியை எடுத்துக்கொண்டு நடந்தேன். வீட்டில் சொன்னபோது, மன்னிப்புக் கேட்டவரை முறித்துப் பேசலாமா என்று கணவர் கவலைப்பட்டார். மகள் வழக்கமாக டெனிஷில்தான் பதில் சொல்வாள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

“அப்பா, அந்தாள் செய்ததுக்கு மன்னிப்புக் கேக்கேல்ல. அம்மாவை மறந்ததுக்குத்தான் கேட்டவர்.”

கடைசிக் கூட்டம் வந்தது. அரசியல்வாதிகளுக்கு அனுப்புவதற்கு முன் முழு விதிகளையும் ஒருதடவை சத்தமாக வாசிப்பது இங்கே வழக்கம். யாருக்கு எந்தப் பகுதியோ, அவரே வாசிக்க வேண்டும். பெறுபவர் பற்றிய பகுதி இன்னும் அந்த மனிதரின் பெயரில்தான் இருந்தது. சட்டத்தரணி இரக்கப்பட்டாரோ என்னவோ, அதை நான் வாசிக்கிறேன் என்றார். நான் குறுக்கிட்டேன். வேலையைப் பகிர்ந்தபடியே போவதுதான் முறை, ஒருவருக்கு மட்டும் மாற்றினால் நன்றாக இருக்காது என்றேன். ஆளணிப் பகுதிக்காரர், சட்டத்தரணி எழுதிய அந்த வரியில் ‘இயன்றவரை’ என்று ஒரு சொல் சேர்க்கலாமா என்றார். கூடாது என்றேன். சட்டத்தரணி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்த மனிதரின் பக்கம் திரும்பி, வாசியுங்கள் என்றார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முறைப்பாடு செய்த ஊழியரைப் பழிவாங்கியதாக நியாயமான சந்தேகத்துக்கு உள்ளான எவரும் முறைப்பாடுகளைப் பெறும் பிரிவில் இடம்பெறக் கூடாது. வேகமாக, வாய்க்குள்ளேயே வாசித்து அடுத்த வரிக்குத் தாவினார்.

நான் கையை உயர்த்தினேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, கடையிலும் பள்ளியிலும் வேலையிலும், நான் வாய் திறந்தால் எனக்குத் திருப்பிச் சொல்லப்படுகிற வசனம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொன்னேன்.

“மன்னிக்கவும், விளங்கவில்லை. இன்னொருதடவை மெதுவாகச் சொல்ல முடியுமா?”

என் காதுக்கு ஒரு குறையும் இல்லை என்று அந்த மேசையில் எல்லோருக்கும் தெரியும். அவர் தாளில் மேலே திரும்பி வந்து, அந்த வரியை முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

இப்போது விளங்கியதா என்று சட்டத்தரணி என்னைக் கேட்டார். விளங்கியது என்றேன். அடுத்த பகுதிக்குப் போனோம்.